இரண்டு சேர்வர், ஒரு களஞ்சியம்: விற்க வருகிறவரிடம் வியாபாரி கேட்க வேண்டியது



கொழும்பிலிருந்து கணினி விற்க வருகிற பிள்ளைகள் இப்போது ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கிளஸ்டர். ஒரு சேர்வருக்குப் பதிலாக இரண்டு சேர்வர் வைப்பார்களாம். ஒன்று விழுந்தால் மற்றது அந்தக் கணமே பொறுப்பெடுக்குமாம். பில் போடும் வேலை நிற்கவே நிற்காதாம். முன்பு வங்கிகளுக்கும் விமானக் கம்பனிகளுக்கும் மட்டும் உரியதாக இருந்த இந்த ஏற்பாடு, இன்று மூன்று நான்கு கிளை வைத்திருக்கும் வியாபாரி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வட்டுக்கோட்டையில் என்னிடம் சரக்கெடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். சந்தியில் கட்டடப் பொருள் கடை, சங்கானையிலும் சித்தன்கேணியிலும் கிளைகள். சீமெந்து, கம்பி, பெயின்ட், குழாய்ச் சாமான் எல்லாம் உண்டு. கடனுக்குக் கொடுத்த கணக்கு மட்டும் சில நூறு பேருக்கு வரும். போன மாதம் வசூலுக்குப் போனபோது என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். "நானா, எங்கட கடை இனிப் படுக்காது" என்றார். ஏசி போட்ட சின்ன அறை. இரண்டு சேர்வர். அவற்றின் கீழே எட்டு வன்தட்டுகள் செருகிய ஒரு பெட்டி. எட்டில் ஏழில் பச்சை விளக்கு, ஒன்றில் மட்டும் செம்மஞ்சள். அது என்ன தம்பி என்று கேட்டேன். "அது கன நாளா எரியுது நானா. ஆனா எல்லாம் ஓடுதுதானே" என்றார்.

வட்டு என்றால் டிஸ்க் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வட்டுக்கோட்டைக்குப் போய் வட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்ததே என்று சிரித்துக்கொண்டாலும், "எல்லாம் ஓடுதுதானே" என்ற அந்த வார்த்தை எனக்குச் சிரிப்பாக இல்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், கிளஸ்டர் என்பது இரண்டு கணக்கப்பிள்ளைகளும் ஒரு கணக்குப் புத்தகமும். கணக்கப்பிள்ளைகள் சேர்வர்கள். புத்தகம், நடுவே இருக்கும் வன்தட்டுப் பெட்டி. புத்தகம் எந்த நேரமும் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் பிறகு அதை யாராலும் வாசிக்க முடியாது. ஆகவே ஒருவர் வைத்திருக்கும்போது மற்றவருக்குப் பூட்டு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விடாமல் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சைகை காட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். துடிப்பு நின்றால் மற்றவர் புத்தகத்தைத் தன் கைக்கு எடுத்து வேலையைத் தொடர்வார்.

விற்க வருகிறவர் கணக்கப்பிள்ளைகளைப் பற்றியே பேசுவார். புத்தகத்தைப் பற்றிக் கேட்டால்தான் பேசுவார். ஆனால் சேர்வர் செத்தால் காசு கொடுத்து இன்னொன்று வாங்கலாம். கடன் புத்தகம் செத்தால் யாரிடம் போய் வாங்குவது?

பெட்டி நிரம்பிவிட்டது என்று வையுங்கள். பழைய பில்கள், சிசிடிவிப் படங்கள், கணினி தனக்குத்தானே எழுதும் குறிப்புகள் என்று இடம் முடிந்துவிட்டது. முதலாவது சேர்வர் எழுத இடமில்லாமல் விழுகிறது. கிளஸ்டர் தன் கடமையைச் சரியாகச் செய்து பெட்டியை இரண்டாவதிடம் ஒப்படைக்கிறது. இரண்டாவது திறந்து பார்த்தால் அதே பெட்டி, அதே நெருக்கடி. அதுவும் விழுகிறது. திரும்ப முதலாவது. இப்படிப் பந்து போல மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். களஞ்சியம் முட்ட மூட்டை அடுக்கியிருக்கும்போது கதவு திறக்கிற ஆளை மாற்றி என்ன பயன்? முக்கால் பங்கு நிரம்பும்போதே எச்சரிக்கை வரச் செய்ய வேண்டும். அந்த எச்சரிக்கை யாருடைய தொலைபேசிக்கு வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். பல இடங்களில் அது வேலையை விட்டுப்போன பையனின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

செம்மஞ்சள் விளக்குக்கு வருவோம். அப்படிப்பட்ட பெட்டிகளில் ரெய்ட் என்ற முறை இருக்கும். பரவலாகப் பாவிக்கும் ஐந்தாம் வகையில், எட்டு வன்தட்டில் ஒன்று செத்தாலும் மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு அதில் இருந்ததை மீட்டுக்கொள்ளலாம். ஆகவே ஒன்று செத்த பிறகும் கடை ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஓடுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த விளக்கு எரியத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தம்பியிடம் உபரி என்று ஒன்றும் இல்லை. இன்னொன்று விழுந்தால் எட்டும் சேர்ந்து போகும்.

இரண்டாவது அவ்வளவு சுலபமாக விழுமா என்று கேட்கலாம். எட்டும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டவை. ஒரே சூட்டில், ஒரே மின்சாரத்தில், ஒரே அளவு மணி நேரம் சுழன்றவை. ஒன்றுக்கு வயது போனால் மற்றவற்றுக்கும் வயது போயிருக்கும். அதோடு, செத்ததை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டதும், மற்ற ஏழையும் தலையிலிருந்து கால் வரை வாசித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். பெரிய வன்தட்டுகளுக்கு இது ஒரு நாளையும் தாண்டும். பலவீனமாக இருந்தது அந்தப் பாரத்தில்தான் விழும். இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு செத்தாலும் தாங்கும் ஆறாம் வகையைப் போடச் சொல்கிறார்கள். சும்மா காத்திருக்கும் ஒரு வன்தட்டையும் உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒன்றின் விலையில் மிச்சம் பிடிப்பது, லொறிக்கு ஸ்டெப்னி இல்லாமல் கொழும்புக்கு விடுவது போன்றது.

சரி, விளக்கு எரிகிறது, உடனே ஆளைக் கூப்பிட்டுத் திருத்துவோம் என்றாலும் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியில் 2010 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். 3ஆம் திகதி சனிக்கிழமை, வங்கியின் பிரதான கணினியோடு இணைந்திருந்த சேமிப்பகத்தில் ஓர் இணைப்பு தடுமாறுவதாக எச்சரிக்கை வந்தது. வங்கி வேலை ஒன்றும் நிற்கவில்லை. உபரி இணைப்புகள் இருந்தன. பராமரிப்பை ஏற்றிருந்த ஐபிஎம் நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து கேபிளை மாற்றினார். அடுத்த நாள் எச்சரிக்கை திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். மறுபடியும் வந்தது. 5ஆம் திகதி திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன், ஆட்கள் தூங்கும் நேரம் பார்த்து இன்னொரு முறை மாற்றப் போனார்கள். கைப்புத்தகத்தில் இருந்த முறைப்படி அல்ல, காலாவதியான ஒரு முறைப்படி. திரும்பத் திரும்ப வந்த பிழைகளைப் பார்த்த சேமிப்பகம், தரவு கெட்டுவிடக் கூடாது என்று தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் வங்கியும் ஏடிஎம் இயந்திரங்களும் முடங்கின. 23 கோடி சிங்கப்பூர் டொலர் மேலதிக மூலதனத்தை ஒதுக்கி வைக்கும்படி சிங்கப்பூர் நாணய அதிகாரசபை அந்த வங்கிக்கு உத்தரவிட்டது.

கவனியுங்கள். பழுது விழுத்தவில்லை, திருத்தப் போனதுதான் விழுத்தியது. சேமிப்பகம் செய்ததும் தப்பில்லை. சந்தேகம் வந்ததும் கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொண்ட காசாளர் மாதிரி அது நடந்துகொண்டது. நம்முடைய கடைகளில் செத்த வன்தட்டைக் கழற்றப் போய்ப் பக்கத்தில் இருந்த நல்லதைக் கழற்றிவிட்ட கதைகள் எத்தனை! திருத்தக் கை வைக்குமுன் ஒரு முழுப் பிரதி எடுத்தாயா என்று முதலாளி கேட்க வேண்டும். இது தொழில்நுட்பக் கேள்வியே இல்லை. வாய் திறந்து கேட்க யாராலும் முடியும்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. இரண்டு கணக்கப்பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள், நடுவில் உள்ள வயர் மட்டும் அறுந்துவிட்டது. முதலாமவர் நினைக்கிறார் மற்றவர் மௌத்தாகிவிட்டார் என்று. மற்றவரும் அப்படியே நினைக்கிறார். இரண்டு பேரும் புத்தகத்தைப் பிடித்து எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? கூட்டு வியாபாரத்தில் இரண்டு பங்காளிகள் ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றது போலாகும். இதைத் தடுக்க மூன்றாவதாக ஒன்றை வைக்கிறார்கள். சின்ன ஒரு வன்தட்டோ, வேறொரு கணினியோ. யாருடைய பக்கம் அது நிற்கிறதோ அவருக்குத்தான் எழுதும் உரிமை, மற்றவர் ஒதுங்கிவிட வேண்டும். கணினிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? சாட்சி! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியும் சாட்சி வைப்பது பற்றியும் பேசும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீண்ட வசனம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எழுத்து மட்டும் போதும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை.

வயர் அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, வியாபாரிகள் மறக்கக் கூடாத சம்பவம் இந்தியாவில் நடந்தது. 2021 பெப்ரவரி 24, புதன்கிழமை. இந்தியாவின் தேசிய பங்குச் சந்தை. அதன் பிரதான கணினி நிலையம் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில். ஒரு தரவும் இழக்கக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் குர்லாவில் இன்னொரு நிலையம். தூரத்தில் பேரிடர் வந்தால் பாவிக்கச் சென்னையில் இன்னொன்று. மும்பையில் உள்ள இரண்டு நிலையங்களுக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்புக் கம்பனிகளின் இணைப்புகள். ஒன்று போனால் மற்றது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று இரண்டு கம்பனிகளின் இணைப்புகளும் தடுமாறின. காரணம், அந்தப் பாதையில் வீதியைத் தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும். கம்பனி இரண்டானாலும் மண்வெட்டிக்கு அது தெரியாதே! அதுவும் பெரிய விஷயமல்ல. இணைப்பு அறுந்தால் பிரதான சேமிப்பகம் தனியாக ஓட வேண்டும், அப்படித்தான் திட்டம். ஆனால் அது ஓடவில்லை. எதிர்பாராத விதமாகச் சேமிப்பகமே சேர்வர்களுக்கு எட்டாமல் போனது. பங்கு வாங்கி விற்கும் கணினிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் யாரிடம் எவ்வளவு பிணைப்பணம் இருக்கிறது, யார் வரம்பு மீறுகிறார் என்று பார்க்கும் அபாய முகாமைக் கணினிகள் அந்தச் சேமிப்பகத்தை நம்பி இருந்தன. அவை இல்லாமல் சந்தையை ஓட விடுவது, கடன் கொப்பியைப் பாராமல் கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுப்பது போல. பகல் 11:40 மணியளவில் சந்தையை நிறுத்தினார்கள்.

பிறகு நடந்ததுதான் சிறு முதலீட்டாளனைக் கொன்றது. சென்னைக்கு மாறுவதா, மும்பையிலேயே திருத்துவதா என்பதில் நேரம் போனது. சென்னைக்கு மாறவில்லை. போட்டிச் சந்தையான பிஎஸ்ஈ திறந்திருந்தது. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே விற்கும் ஆட்களின் நிலுவைகளைத் தரகர்கள் பலர், இனித் திறக்காது என்று எண்ணி, அங்கே கிடைத்த விலைக்குத் தீர்த்தார்கள். வழமையாக மூடும் நேரமான 3:30க்குச் சற்று முன்புதான் அறிவிப்பு வந்தது. 3:45க்குத் திறந்து 5 மணி வரை நடத்துவோம் என்று! தீர்த்தவன் தீர்த்ததுதான். நட்டம் அவன் தலையில்.

ஒழுங்குமுறை அமைப்பான செபி அடுத்த மாதமே, 2021 மார்ச்சில், ஒரு விதி கொண்டுவந்தது. முக்கியமான கணினி ஒன்று தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்து 45 நிமிடத்துக்குள் மாற்று நிலையத்தில் வேலை தொடங்கியிருக்க வேண்டும். 2023இல் அந்தச் சந்தையும் அதன் தீர்வு நிறுவனமும் சேர்ந்து சுமார் 72 கோடி இந்திய ரூபாய் கட்டி அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டன.

அந்த 30 நிமிட விதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இயந்திரம் வாங்கக் காசு இருந்தது, இரண்டாவது இருந்தது, மூன்றாவதும் இருந்தது. எப்போது மாறுவது, மாறு என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதில்தான் நாலு மணி நேரம் போனது. நம் கடைகளில் முதலாளி உம்ராவுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து சேர்வர் விழுந்தால், யார் முடிவெடுப்பது? மகனா, மனேஜரா, கொழும்பில் உள்ள கம்பனிப் பிள்ளையா? அதை ஒரு தாளில் எழுதி அந்த அறைக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். வட்டுக்கோட்டைத் தம்பியின் அறையில் இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு சேர்வரின் மின்வயரும் ஒரே யூபிஎஸ்ஸில். வலைப்பின்னல் வயர் இரண்டும் ஒரே சுவிட்சில். ஐப்பசி இடிமின்னல் காலத்தில் நம்ம யாழ்ப்பாணத்து மின்சாரத்தை அறிந்தவர்கள் இதை வைத்து நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் முக்கியம். கிளஸ்டர் என்பது கடையைத் திறந்து வைத்திருக்கும் ஏற்பாடு. கணக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு பையன் தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்துவிட்டால், கண்ணாடி போலப் பிரதி எடுக்கும் பெட்டி, இரண்டாவது பிரதியிலும் அதை அதே வினாடி அழித்துவிடும். வேகமும் விசுவாசமும் உள்ள வேலைக்காரன்!

நம் நாட்டிலேயே பார்த்தோம். இலங்கை அரசாங்க கிளவுட் என்ற பொதுக் கணினிச் சேவையை 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையை 12 மணி நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். பிரதிகளும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தபடியால் தாக்கியவன் அவற்றையும் பூட்டிவிட்டான். துண்டித்து வெளியே எடுத்து வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இருக்கவில்லை. கடை பன்னிரண்டு மணி நேரத்தில் திறந்தது. புத்தகத்தில் மூன்று மாதப் பக்கம் இல்லை.

எங்கள் சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது யார் கணக்குப் புத்தகத்தைத் தூக்கினார்கள்? பிள்ளைகளைத் தூக்கினார்கள். சோனக தெருவிலும் ஐந்து சந்தியிலும் கடைமேசை லாச்சிக்குள் கிடந்த கொப்பிகளோடு, வர வேண்டிய கடனும் கொடுக்க வேண்டிய கடனும் போயின. கொடுக்க வேண்டியதை நினைவில் வைத்துப் புத்தளத்திலிருந்து தேடிப்போய்க் கொடுத்த பெரியவர்கள் உண்டு. வர வேண்டியதற்கு அத்தாட்சி இல்லை. ஆனால் காணி உறுதியின் விஷயம் வேறு மாதிரி. உறுதி முடிக்கும் நொத்தாரிசு மூலத்தை நம்மிடம் தருவார், ஒரு பிரதியைத் தன்னிடம் வைப்பார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். மூன்று பிரதி, மூன்று இடம், மூன்று பேர் பொறுப்பு. கையில் இருந்த உறுதியைத் தொலைத்தவருக்கும் போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில் செய்தது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரு கடை, இரண்டு கடை வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கிளஸ்டர் தேவையில்லை. அரை நாள் சேர்வர் விழுந்தால் பில் புத்தகம் எடுத்துக் கையால் எழுதலாம், மாலையில் ஏற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் வங்கிக்கு அந்த வசதி இல்லை, நமக்கு இருக்கிறது. அந்தக் காசில் நல்ல ஒரு சேர்வரும், இரட்டை வன்தட்டும், பிள்ளை மாதிரிப் பார்க்கும் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி, மிச்சத்தைப் பிரதிக்குச் செலவழியுங்கள். ஒவ்வொரு இரவும் கழற்றி எடுக்கும் வன்தட்டில் ஒரு பிரதி வீட்டுக்குப் போகட்டும். இன்னொன்று ஊருக்கு வெளியே, கிளவுட்டிலோ வெளியூர்க் கிளையிலோ இருக்கட்டும். பல கிளைகள் ஒரே கணக்கில் நாள் முழுதும் வேலை செய்கிறவர்கள், கடன் புத்தகத்தை நம்பியே கதவு திறக்கிறவர்கள், அவர்களுக்குக் கிளஸ்டர் தகும். வட்டுக்கோட்டைத் தம்பி அந்த ரகம்தான். அவர் வாங்கியதில் பிழையில்லை, செத்த வன்தட்டை அப்படியே விட்டதுதான் பிழை.

வாங்குகிறவர்கள், காசோலையில் கையெழுத்துப் போடுமுன் விற்பனைக்காரரை அந்த அறையில் நிற்க வைத்து, ஒரு வன்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு இரண்டு சேர்வருக்கும் நடுவே உள்ள வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். தன் சாமானில் நம்பிக்கை உள்ளவர் பிடுங்குவார். "அதெல்லாம் தேவையில்லை ஹாஜியார்" என்று மழுப்பினால், விலையைப் பற்றிப் பேசாமலே தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சோதனை செய்ய நேரம் இல்லை என்ற சாட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எப்படியும் கடை பூட்டுகிறோம். மாதத்தில் ஒரு வெள்ளி, பூட்டியதும் முதலாவது சேர்வரை நிறுத்திவிட்டுத் தொழப் போங்கள். திரும்பி வந்து இரண்டாவதில் பில் போட்டுப் பாருங்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகும் பிரதி ஒன்றை எடுத்து, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கணினியில் திறந்து, ஏதாவது மூன்று வாடிக்கையாளரின் பாக்கியை அவர்கள் கையில் இருக்கும் துண்டோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை, அசர் பாங்குக்கு முன் முடிந்துவிடும்.